காவடி ஊர்வலத்தில் கம்பியில்லா மைக்: எந்த பேட்டரியை நம்பி இறங்கலாம்?

வெருலம் இளையவன் | ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் எங்கள் கோயில் தைப்பூசக் காவடிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஒலி ஏற்பாடு இந்த ஆண்டும் என் பொறுப்பு. போன ஆண்டு நடந்தது மறுபடி நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆற்றங்கரையில் காவடி பூசையை முடித்துக்கொண்டு புறப்பட்டால் கோயில் வந்து சேர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். என் அத்தை முன்னால் நடந்து பாடுவார். இடுப்பில் மைக் பெட்டி, காதோரம் சின்ன மைக். பின்னால் ஒரு பிக்கப் வண்டியில் ரிசீவரும் ஸ்பீக்கரும் வரும். கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது அத்தையின் குரல் நின்றுவிட்டது. கரகரப்பு இல்லை, எச்சரிக்கை விளக்கு இல்லை, அப்படியே அணைந்தது. அதற்கு ஒரு நிமிடம் முன்புகூட பெட்டியின் திரையில் பேட்டரி முழுதாக இருப்பதாகத்தான் காட்டியது.

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அத்தை ஓர் அடியைப் பாடினால் அதைக் கேட்டு அவர்கள் திருப்பிப் பாடுவார்கள். குரல் நின்றதும் மொத்த ஊர்வலமும் வாயடைத்துப் போயிற்று. அலகு குத்திக் காவடி எடுத்து வந்த என் சித்தப்பா நடையை விட்டு நின்றுவிட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

போட்டிருந்தது டபுள் ஏ அளவு லித்தியம் செல், யுஎஸ்பி கம்பியில் சார்ஜ் ஏற்றும் வகை. கடையில் இருந்தவற்றிலேயே பெரிய எண், 2600 என்று போட்டிருந்ததால் வாங்கினேன். என்ன தவறு செய்தேன்? இந்த ஆண்டு எதை வாங்குவது?


பழைய ரேடியோக்காரன், டர்பன் | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, முதலில் அந்தச் செல்லைக் கையில் எடுத்து 2600 என்பதற்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மில்லி ஆம்பியர் மணியா, மில்லி வாட் மணியா? பதில் வந்த பிறகு மற்றதைச் சொல்கிறேன். ஊர்வலத்துக்கு முன்னால் அந்த ஜோடியை வேறு எதற்காவது பயன்படுத்தினீர்களா என்பதையும் எழுதுங்கள்.


வெருலம் இளையவன் | ஞாயிறு, இரவு 10.50

ஐயா, மில்லி வாட் மணி என்றுதான் இருக்கிறது. இன்றுதான் கவனிக்கிறேன். முந்தைய வாரம் ஒத்திகையில் மூன்று மணி நேரம், கொடியேற்றத்தன்று மாலை ஒரு மணி நேரம் ஓடியது. திரையில் முழுதாகக் காட்டியதால் திரும்ப சார்ஜ் ஏற்றவில்லை.


பழைய ரேடியோக்காரன், டர்பன் | திங்கள், காலை 6.15

நினைத்தேன். 2600 மில்லி வாட் மணியை 1.5 வோல்ட்டால் வகுத்தால் 1733 மில்லி ஆம்பியர் மணிதான் வரும். பக்கத்தில் 2000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதி நின்ற, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் நிக்கல் (நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு) செல்லைவிடக் குறைவு. இரண்டு எண்களும் வேறு வேறு அலகு. கடைத் தட்டில் மட்டும் அருகருகே நிற்கின்றன.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்தச் செல்லுக்குள் இருக்கும் லித்தியம் 3.7 வோல்ட் வகை. அதை 1.5 ஆக இறக்க ஒரு சிறிய மின்சுற்று உள்ளேயே இருக்கிறது. கடைசித் துளி வரை 1.5 கொடுத்துவிட்டு ஒரே நொடியில் கதவைச் சாத்தும். உங்கள் பெட்டியோ வோல்ட் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் மீதியைக் கணக்கிடுகிறது. வோல்ட் இறங்காவிட்டால் அதற்கு எதுவும் தெரியாது. ஆகவே திரையைக் குறை சொல்லாதீர்கள். அதற்குக் கிடைத்த தகவலே அவ்வளவுதான்.

ஊர்வலத்துக்கு பேட்டரி தேடும்போது எவ்வளவு நேரம் ஓடும் என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். தீரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுமா என்பதுதான் முதல் கேள்வி.

எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் பெட்டி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்துவிடுங்கள். தபால் அட்டை அளவுக் கெட்டியான காகிதத்தில் விரல் அகலத் துண்டு ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டுங்கள். ஓரத்தில் ஒன்றையொன்று தொடக் கூடாது. செல்லின் முனைக்கும் பெட்டியின் தகட்டுக்கும் நடுவே அந்தத் துண்டைச் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தாள்களிலும் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பிடியுங்கள். சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் இருக்கட்டும். மில்லி ஆம்பியர் துளையில் வைத்தால் மீட்டரே கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடும்; பெட்டி அணைந்து அணைந்து எரியும்.


ஜோகன்னஸ்பர்க் பொறியாளன் | திங்கள், காலை 8.40

பெரியவர் சொன்னதில் ஒரு பகுதியை மறுக்கிறேன். வோல்ட் இறங்காமல் இருப்பது குறையே அல்ல. நிக்கல் செல் 1.2 வோல்ட்தான் தரும். இரண்டு சேர்ந்தால் 2.4. மூன்று வோல்ட் எதிர்பார்க்கும் கருவிக்கு அது போதாது. சார்ஜ் ஏற்றாமல் இருந்தது மனிதத் தவறு. அதற்காக லித்தியத்தைத் தள்ளிவைப்பது நியாயமில்லை. ஒவ்வொரு முறையும் முழுதாக ஏற்றிவிட்டுப் புறப்பட்டால் பிரச்சினை தீர்ந்தது.


மரிட்ஸ்பர்க் தமிழாசிரியை | திங்கள், பிற்பகல் 3.30

நான் சனிக்கிழமை வகுப்பில் இடுப்பு மைக் பயன்படுத்துகிறேன். முப்பது குழந்தைகள், தகரக் கூரைக் கூடம், மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சுகூடக் கேட்காது. எனக்கு ஆல்கலைன், அதாவது ஒருமுறை போட்டுத் தீர்ந்ததும் எறியும் சாதாரணச் செல்தான் பிடிக்கும். புது ஜோடி போட்டால் மூன்று வாரம் கவலையில்லை, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஆனால் ஒரு டிசம்பர் விடுமுறையில் செல்லை எடுக்காமலே பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டேன். ஜனவரியில் மூடியைத் திறந்தபோது சுருள்கம்பியைச் சுற்றிக் கற்கண்டுத் தூள்போல் வெள்ளைப் படிவு. உள்ளிருந்த காரம் கசிந்து தகட்டைப் பச்சையாக அரித்திருந்தது. பஞ்சுக் குச்சியை வினிகரில் தொட்டுத் துடைத்தேன்; நுரைத்துக்கொண்டு வந்தது. பெட்டி பிழைத்தது, சுருள்கம்பி ஒன்றை மட்டும் மாற்ற வேண்டியதாயிற்று. எதைப் போட்டாலும் வேலை முடிந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.


வெருலம் இளையவன் | செவ்வாய், இரவு 8.05

அளந்துவிட்டேன் ஐயா. காகிதத் துண்டு முதல் முறை நழுவியது, இரண்டாம் முறை நின்றது. புது ஆல்கலைன் ஜோடி, 3.1 வோல்ட்: 170 மில்லி ஆம்பியர். வீட்டுக் கடிகாரத்திலும் ரிமோட்டிலும் பாதி தீர்ந்திருந்த ஜோடி, 2.4 வோல்ட்: 220. தம்பியின் கேமராவிலிருந்து எடுத்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஜோடி, 2.5 வோல்ட்: 210. வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் கூடுகிறது. நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருக்கிறது. ஏதாவது பிழையா?


பழைய ரேடியோக்காரன், டர்பன் | செவ்வாய், இரவு 9.30

பிழையே இல்லை, அருமையாக அளந்திருக்கிறீர்கள். மூன்று ஜோடிக்கும் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள். எல்லாமே அரை வாட்டுக்குச் சற்று மேலே வந்து நிற்கும். பெட்டிக்குள் வோல்ட்டை உயர்த்திக்கொடுக்கும் சுற்று இருக்கிறது. உள்ளே வருவது எவ்வளவானாலும் தனக்கு வேண்டிய வாட்டை இழுத்துக்கொள்ளும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும்.

இதிலேயே ஜோகன்னஸ்பர்க் தம்பிக்கும் பதில் இருக்கிறது. ஆல்கலைன் 1.5இல் தொடங்கினாலும் பாதித் தூரத்திலேயே 1.2க்கு இறங்கிவிடும். ஏறக்குறைய 0.9 வரை போவது அதன் இயல்பு. மைக் பெட்டி செய்பவர்கள் அதை எதிர்பார்த்துத்தான் செய்கிறார்கள். நிக்கல் செல்லோ சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் 1.4, பிறகு நெடுநேரம் 1.25, 1.2 என்று நடந்து, தீரும் நேரத்தில் 1.1, 1.0 என்று சரியும். அந்தச் சரிவு தான் நமக்கு மணி அடித்துச் சொல்வது.

கணக்கு இதோ. 2000 மில்லி ஆம்பியர் மணி நிக்கல் ஜோடியை 210ஆல் வகுத்தால் ஒன்பதரை மணி நேரம். நான் எப்போதும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவேன். ஏழரை மணி நேரம் நிற்கும். உங்களுக்கு வேண்டியது ஆறு.

வாங்கும்போது தன்னால் சார்ஜ் இறங்காத வகையைக் கேளுங்கள். பழைய நிக்கல் செல் அலமாரியில் சும்மா கிடந்தாலே ஒரு மாதத்தில் நல்ல பங்கை இழந்துவிடும். 2005இல் எனிலூப் என்ற நிக்கல் செல் வந்த பிறகுதான் ஓராண்டு கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி மிச்சமிருக்கும் செல் நம் கைக்குக் கிடைத்தது. அதே வரிசையில் 2500 எழுதிய செல்லும் உண்டு. எண்ணைப் பார்த்து அதன்மேல் பாயாதீர்கள். 2000 வகை தாங்கும் சார்ஜ் சுழற்சிகளில் அது பல மடங்கு குறைவாகத்தான் தாங்கும்.

சார்ஜர் விஷயத்தில் மட்டும் பணத்தைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து நிறுத்தும் சார்ஜர் வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்து இரவு முழுக்க ஏற்றும் மலிவு வகையில் ஒரு செல் பொங்கும், மற்றது பட்டினி கிடக்கும். அப்படிப்பட்ட ஜோடியை மைக்கில் போட்டால் பலவீனமான செல் முதலில் தீர்ந்து, மற்ற செல் அதைத் தலைகீழாக இழுத்துக் கெடுத்துவிடும். வாங்கிய அன்றே மார்க்கரால் ஜோடி எண்ணும் மாதமும் எழுதிவிடுங்கள். ஒன்றாம் ஜோடி எப்போதும் ஒன்றாம் ஜோடிதான், பிரித்துக் கலக்கக் கூடாது.

பெட்டியின் அமைப்புப் பட்டியலில் பேட்டரி வகை என்று ஒரு வரி இருந்தால் அதையும் நிக்கலுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் புறப்பட்ட பத்தாம் நிமிடத்திலேயே பாதிதான் மிச்சம் என்று காட்டி உங்களைப் பதறவைக்கும்.


ஜோகன்னஸ்பர்க் பொறியாளன் | புதன், காலை 7.50

வோல்ட் விஷயத்தில் நான் சொன்னது சரியில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அளவு கண்முன்னே இருக்கிறது. ஆனாலும் லித்தியத்தைக் கைவிட மனம் வரவில்லை. ரிசீவரிலும் ஸ்பீக்கரிலுமாவது அது வரக் கூடாதா?


பழைய ரேடியோக்காரன், டர்பன் | புதன், காலை 9.10

தாராளமாக வரலாம், அங்கே வேறு வகை லித்தியம். மைக்கைப் பொறுத்தவரை நீங்களே ஒரு சோதனை செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வீட்டில் பழைய ரேடியோ இருந்தால் மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து ஒலியைக் கூட்டுங்கள். யுஎஸ்பி லித்தியம் செல்லை ஒரு சிறிய டார்ச் பல்போடு இணைத்து ரேடியோவின் அருகில் கொண்டுபோங்கள். பிறகு நிக்கல் செல்லோடு அதையே செய்யுங்கள்.


ஜோகன்னஸ்பர்க் பொறியாளன் | புதன், இரவு 10.15

என் மாமனாரின் ரேடியோவில் செய்து பார்த்தேன். நிக்கல் செல்லுக்கு வெறும் இரைச்சல், மாற்றமே இல்லை. லித்தியம் செல் ஒரு சாண் தூரத்துக்கு வந்ததும் வண்டு குடைவதுபோல் ஓர் ஒலி எழுந்தது. பல்பைத் துண்டித்தால் அடங்கியது, இணைத்தால் மறுபடி வந்தது. வோல்ட்டை இறக்கும் சுற்று நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடுவதன் சத்தம் அது. ஆன்டெனாவுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இதை வைத்துக்கொண்டு எல்லாப் பெட்டியும் சுத்தமாக ஒலிக்கும் என்று இனி நான் சொல்லமாட்டேன். ஒத்துப்போகும் பெட்டிகளும் இருக்கும், ஆனால் சோதிக்காமல் ஊர்வலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஸ்பீக்கருக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். தள்ளுவண்டி ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் இருப்பது நம் வீட்டு கேட் மோட்டாரில் இருக்கும் அதே 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி ஈய பேட்டரிதான். அந்த 7 என்பது இருபது மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. இரண்டு ஆம்பியர் இழுத்தால் ஐந்துதான் கிடைக்கும், இரண்டரை மணி நேரம். அதுவும் புதிதாக இருந்தால். ஆறாம் நிலை என்ற கடும் மின்வெட்டு ஓடிய 2023இல் ஒரு நாளுக்குப் பல முறை முழுக்க இறங்கி ஏறிய கேட் பேட்டரியைக் கழற்றி ஸ்பீக்கரில் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் உயிர் அப்போதே போய்விட்டது.

அதே அளவில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வருகிறது. நான்கு செல், 12.8 வோல்ட், எடை பாதிக்கும் குறைவு, எழுதிய அளவில் பத்தில் ஒன்பது பங்கு உண்மையில் கிடைக்கும். 7 ஆம்பியர் மணி என்றால் மூன்று மணி நேரம் உறுதி. இரண்டு வாங்கிக்கொண்டு நடுவில் மாற்றுங்கள். 14.6 வோல்ட் வரை ஏற்றி நிறுத்தும் அதற்குரிய சார்ஜர் தேவை. ஈய பேட்டரிக்கு உயிரூட்டும் துடிப்பு முறை உள்ள சார்ஜரில் வைக்கவே கூடாது. முனையை ஒட்டி 10 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். கம்பி உரசிச் சேர்ந்துவிட்டால் இந்த பேட்டரி கொட்டும் மின்சாரம் கம்பியைப் பழுக்கவைத்துவிடும்.


சாட்ஸ்வர்த் பாடகி | வியாழன், முற்பகல் 11.20

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். பெட்டியை இடுப்பில் சுமப்பவள் என்ற முறையில் சில வார்த்தை.

டர்பன் பக்கத் தை மாத வெயில் உங்களுக்குத் தெரியும். காலை ஒன்பதுக்கே புடவை நனைந்துவிடும். சந்தனமும் மஞ்சள்நீரும் வியர்வையோடு கலந்து இடுப்பில் வழியும். எனக்கு ஒருமுறை குரல் விட்டுவிட்டு வந்தது. பேட்டரி தீர்ந்தது என்று நினைத்து மாற்றினார்கள், மாறவில்லை. வீட்டில் போய்ப் பார்த்தால் செல் மூடியின் இடுக்கில் சந்தனம் காய்ந்து ஒரு வளையமாகப் படிந்திருந்தது. எதிர்முனைத் தகடு பாதிதான் தொட்டது. அதிலிருந்து பெட்டியைப் பருத்தித் துணிப் பையில் வைத்து, ஆன்டெனா மட்டும் வெளியே தொங்கும்படி கட்டிக்கொள்கிறேன். பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள், உள்ளேயே வியர்த்துவிடும்.

இன்னொன்று, பாடிக்கொண்டிருக்கும் பெண்ணின் இடுப்பில் வேறொருவர் கைவைத்து பேட்டரி மாற்றுவது எங்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று யோசியுங்கள். தீரும் வரை காத்திருக்க வேண்டாம். வழியில் தண்ணீர்ப் பந்தல் வரும், தேங்காய் உடைப்பார்கள், உடுக்கையும் தவிலும் மட்டும் ஒலிக்கும். அந்த ஐந்து நிமிடத்தில், தீராவிட்டாலும், மாற்றிவிடுங்கள். மாற்றுவது ஒரு பெண்ணாக இருக்கட்டும்.

1860இல் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தபோது மைக் ஏது? வெறும் குரலில்தான் பாடினார்கள், பின்னால் வந்தவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது. இன்று பின்வரிசைக் குழந்தைகள் எங்கள் வாயிலிருந்துதான் சொல்லைப் பிடிக்கிறார்கள். அதனால்தான் இந்தச் சின்ன பேட்டரிக்காக இவ்வளவு பேசுகிறோம்.


வெருலம் இளையவன் | வியாழன், இரவு 7.45

அம்மா, இதை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "இத்தனை ஆண்டில் என்னிடம் யாரும் கேட்டதே இல்லை" என்றார். என் தங்கை மாற்றுவாள், இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிடுகிறோம்.

ஐயா, கூடுதலாக ஒரு ஜோடி எதை வைக்கட்டும்?


பழைய ரேடியோக்காரன், டர்பன் | வியாழன், இரவு 8.30

நிக்கல் இரண்டு ஜோடி. மூன்றாவதாக, உறை பிரிக்காத ஆல்கலைன் ஒரு ஜோடி தங்கையின் பையில் இருக்கட்டும். கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் சார்ஜ் ஏற்ற முடியாத 1.5 வோல்ட் லித்தியம் வாங்கலாம். அதில் இறக்கும் சுற்று கிடையாது, ரேடியோவில் சத்தம் எழுப்பாது. ஆல்கலைன் செல் 23 கிராம், இது 15தான். பல ஆண்டுகள் கிடந்தாலும் கசியாது. யுஎஸ்பி துளை உள்ள செல்லும் இதுவும் பெயரில் மட்டும்தான் ஒன்று.


வெருலம் இளையவன் | தைப்பூசத்துக்கு மறுநாள், மாலை 5.10

முருகன் அருளால் முடிந்தது. ஆறு மணியும் சில நிமிடங்களும். அத்தையின் குரல் ஓரிடத்தில்கூட அறுபடவில்லை.

மூன்று மணி நாற்பதாம் நிமிடத்தில் தண்ணீர்ப் பந்தலில் தங்கை ஜோடியை மாற்றினாள். துணிப் பையின் முடிச்சை அவிழ்த்தது முதல் திரும்பக் கட்டியது வரை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் அத்தை இளநீரைக் குடித்து முடித்திருந்தார். கழற்றிய ஜோடியை மாலையில் அளந்தேன், செல்லுக்கு 1.27 வோல்ட். சார்ஜர் அதில் 860 மில்லி ஆம்பியர் மணி அருகே திரும்ப ஏற்றியது. பாதிக்கு மேலேயே மிச்சம் இருந்திருக்கிறது. ஸ்பீக்கர் பேட்டரியையும் நடுவில் மாற்றினோம். சித்தப்பா இந்த ஆண்டும் காவடி எடுத்தார், நிற்காமல் வந்தார்.

கோயிலில் ஒன்பது வோல்ட் பேட்டரி போடும் பழைய மைக் பெட்டி ஒன்று கிடக்கிறது. பங்குனிக் காவடிக்கு இரண்டாவது பாடகருக்குக் கொடுக்கலாமா? அது 60 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, காகிதத் துண்டு வைத்து அளந்துவிட்டேன்.


பழைய ரேடியோக்காரன், டர்பன் | அன்று இரவு 8.00

மனம் குளிர்ந்தது தம்பி, அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒன்பது வோல்ட் ஆல்கலைனில் 500 மில்லி ஆம்பியர் மணிதான் இருக்கும். கணக்குக்கு எட்டு மணி, நம்பக் கூடியது ஆறரை. அதே அளவு நிக்கல் என்றால் 200 சொச்சம், மூன்று மணியைத் தாண்டாது. புது ஆல்கலைன் போட்டு, பந்தலில் மாற்றிவிடலாம். ஆனால் அந்தப் பெட்டியின் பேட்டரிக் கொக்கிகள் காலப்போக்கில் தளர்ந்துவிடும், குலுங்கினால் தொடர்பு விடும். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், புதிய கொக்கி வைத்துத் தருகிறேன்.